மறதி நோய்க்குக் கிழங்கு கொடுக்கலாமா?

கேள்வி: 74 வயதான என் அம்மாவுக்கு அல்சைமர் நோய் என்று உறுதியாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. சின்னம்மா, வல்லாரைச் சாறும் மஞ்சள் பாலும் கொடுக்கச் சொல்கிறார். டர்பன் வார்விக் மூலிகைச் சந்தைக்குப் போன என் தம்பியோ, காய்ந்த தோல் தாள்தாளாகச் சுற்றிய பெரிய கிழங்கு ஒன்றை வாங்கி வந்து, ஞாபக மாத்திரையே இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்துதான் வந்தது என்கிறான். அரைத்துக் கொடுக்கலாமா, டாக்டர் ஐயா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: கிழங்கைக் கொடுக்க வேண்டாம், அம்மா. தம்பி சொன்ன செய்தி மட்டும் உண்மைதான். ஸ்னோடிராப், டாஃபோடில் போன்ற கிழங்குச் செடிகளில் உள்ள கேலன்டமைன் என்னும் பொருள், 1950களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் ஆராயப்பட்டு, 2001-இல் அமெரிக்காவில் அல்சைமருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. அதனால் சிலருக்கு அறிகுறிகள் சற்றுத் தணியுமே தவிர, நோய் நின்றுவிடாது.

உங்கள் வர்ணனையைப் பார்த்தால், அது இலைகள் விசிறிபோல் விரியும் பூஃபோனே கிழங்காக இருக்கக்கூடும். அதுவும் அதே குடும்பந்தான். ஆனால் நம் தென்னாப்பிரிக்காவின் பழங்குடிகளான சான் வேடர்கள் அம்புக்கு நஞ்சு எடுத்ததும் அதிலிருந்துதான். உட்கொண்டால் பிரமை தோன்றும், நினைவு தவறும், உயிரே போகவும் கூடும். கேலன்டமைன் மாத்திரையையோ நாளொன்றுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, வாந்தி வருகிறதா, நாடி மெதுவாகிறதா என்று கவனித்து, குறைந்தது நான்கு வார இடைவெளிகளில்தான் உயர்த்துகிறோம். 24 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஒரு துண்டுக் கிழங்கில் எந்த நஞ்சு எத்தனை மில்லிகிராம் என்று நம் வீட்டு அம்மிக்கு எப்படித் தெரியும்?

மஞ்சளிலுள்ள குர்குமின், ஆய்வுக்கூடத்தில், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேரும் அமிலாய்டு புரதப் படிவுகளோடு ஒட்டிக்கொள்வது மெய்யே. ஆனால் உண்ட குர்குமினில் இரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. நோயாளிகளிடம் நடந்த சோதனைகளிலும் தெளிவான பலன் தெரியவில்லை. பாலில் ஒரு சிட்டிகை போடுவதற்குத் தடையில்லை. அதிக அளவிலான குர்குமின் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருப்பதால், அவை வேண்டாம்.

வல்லாரைக்கு ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடமிருந்தே வந்திருக்கிறது. துவையலாக உண்ணட்டும், மருந்துக்குப் பதிலாக அல்ல. நீங்கள் கேட்காத ஜின்கோ என்னும் மர இலைச் சாற்று மருந்தையும் சொல்லிவிடுகிறேன்: 3,069 முதியோரிடம் நடந்து 2008-இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில், அது மறதி நோயைத் தடுக்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவருக்கு அது இரத்தக்கசிவையும் உண்டாக்கலாம்.

அம்மா இதுவரை உட்கொண்ட மூலிகைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். கிழங்கு அடுப்படியில் இருந்தால், வெங்காயம் என்று யாரும் எடுத்து நறுக்கிவிடுவதற்குமுன் இன்றே அப்புறப்படுத்துங்கள்.