டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஒருவருமே முன்பு ஆடியிராத குழு எப்படித் தொடங்குவது?

ஈரோட்டில் நண்பர்கள் ஐந்து பேர் இருக்கிறீர்கள், ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை, கதைப் பாத்திரங்களாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை அதன் தடித்த விதிநூல்கள் மூன்றையும் வாங்கினால்தான் ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டியதில்லை. அடிப்படை விதிகளை வெளியீட்டு நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. தொடக்கத்திற்கு அதுவே தாராளம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இவ்விளையாட்டு பலமுறை திருத்தப்பட்டிருப்பதால், 2014 விதிகளா, 2024 விதிகளா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொண்டு, இரண்டையும் கலக்காமல் ஆடுங்கள்.

ஐவரில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். நம் பக்கத்தில் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுபவரைப் போன்றவர்தான் அவரும். ஆனால் பொன்னரும் சங்கரும் அடுத்து என்ன செய்வார்கள் என்பதை இங்கே பாடுபவர் தீர்மானிப்பதில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஆகவே விதிகளைக் கரைத்துக் குடித்தவரைவிட, பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பவரே அந்த இடத்திற்குப் பொருத்தமானவர். மற்ற நால்வரும் ஆயத்தமாகக் கிடைக்கும் முதல் நிலை (லெவல் 1) பாத்திரங்களை எடுத்துக்கொள்ளலாம். சொந்தமாகப் படைக்க உட்கார்ந்தால் முதல் மாலை அதிலேயே கழிந்துவிடும்.

அச்சாணியான விதி ஒன்றுதான். முடிவு உறுதியில்லாத செயலில் ஒருவர் இறங்கும்போது, இருபது முகப் பகடையை உருட்டி, அதில் விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, நடத்துபவர் வைத்திருக்கும் இலக்கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்: எளிய செயலுக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20.

முதல் கதையை எங்கோ ஓர் ஐரோப்பியக் கோட்டையில் வைக்காமல், நொய்யல் கரையில் வைக்குமாறு பரிந்துரைப்பேன். சங்ககாலக் கொடுமணலில் அறுத்துத் தீட்டிய கல்மணிகளை ஏற்றிக்கொண்டு கரூருக்குப் போகும் வண்டிகளுக்கு உங்கள் நால்வரும் காவல். வழியில் ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது, வீரர் கயிற்றோடு அக்கரைக்கு நீந்த முயல்கிறார், இலக்கு 15. அவர் வலிமை 16, விதிப்படி அதற்குக் கூட்ட வேண்டிய எண் 3; நீச்சலில் தேர்ச்சி உள்ளவர் என்பதால் அதற்கு இன்னும் 2; பகடையில் 9 விழுந்தால் மொத்தம் 14, ஒன்று குறைகிறது. இங்கேதான் புதிதாக நடத்துபவர்கள் ‘முடியவில்லை’ என்று சொல்லிக் கதையைத் தேங்கவிடுகிறார்கள். கரையேறினார், ஆனால் அவர் வாளை ஆறு கொண்டுபோய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த சாவடியில் சுங்கக்காரர் “ஏனுங்க, வண்டில என்னங்க சரக்கு?” என்று மறிக்கும்போது வெறுங்கையோடு நிற்கும் காவலர் என்ன செய்வார் என்பதே ஒரு காட்சியாகிவிடும்.

ஏழு பகடைகள் கொண்ட தொகுதி கைக்கு வரும்வரை கைபேசிச் செயலியே போதும் (உருளும் சத்தம் இல்லாமல் எனக்கு ஆட்டம் ருசிப்பதில்லை, அது வேறு). முதல் அமர்வை மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் ஐவருக்கும் ஆர்வம் குறையாதிருந்தால், மூன்று நூல்களில் ஆட்டக்காரர் கையேட்டை மட்டும் ஐவருமாகப் பணம் போட்டு வாங்கலாம்.