மாலுமி பதில்கள்

கேள்வி: என் மகள் ஃபுளோரிடாவில் கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கிறாள். ஹரிக்கேன் புயல் வருகிறது, வெளியேறுங்கள் என்று அறிவித்தும், "வகை 1 தானே அம்மா" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவள் செய்தது சரியா?

பதில்: தப்பித்தது அதிர்ஷ்டம். 1 முதல் 5 வரை தரும் அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. மணிக்கு 252 கி.மீ.யைத் தொட்டால் 5. கடல் எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பதெல்லாம் அதில் கிடையாது. 2018-ல் ஃபுளோரன்ஸ் புயல் கரையேறியபோது வகை 1 தான். ஆமை வேகத்தில் நகர்ந்து, வட கரோலினாவில் சில இடங்களில் 75 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியது. 2005-ல் கத்ரீனா கரைக்கு வரும்போது 3 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் 5 ஆக இருந்தபோது கிளப்பிவிட்ட கடல் குறையவில்லை. மிசிசிப்பி கரையில் 8 மீட்டருக்கு மேல் ஏறியது.

நான் கப்பலில் சேர்ந்த புதிதில், மெக்சிகோ வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்தோம். புயல் வருகிறது, கடலுக்குப் போங்கள் என்று உத்தரவு. புயல் நேரத்தில் யாராவது கடலுக்குப் போவார்களா என்று எனக்கு உதறல். கேப்டன் சிரித்தார். ஆழ்கடலில் காற்று தள்ளும் தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடும். கரையோரம் ஆழமில்லை, போக இடமில்லாமல் ஊருக்குள் ஏறும் என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கப்பல் விலகி ஓடலாம், வீடு ஓட முடியாதே! அடுத்த முறை எண்ணைப் பார்க்காமல், தன் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் (யார் எப்போது வெளியேற வேண்டும் என்று அதிகாரிகள் பிரித்துவைத்த பகுதி) இருக்கிறது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காற்று சட்டென நின்றால் வெளியே வரலாமா?

பதில்: கூடாது. அது புயலின் கண்ணாக, அதாவது நடுவே உள்ள அமைதியான பகுதியாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

கேள்வி: புயல் கடந்த பிறகு?

பதில்: 2020-ல் லாரா புயல் கடந்து போனபின் லூசியானாவில் பலர் இறந்தது ஜெனரேட்டர் புகையால். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜெனரேட்டரைக் கராஜில்கூட வைக்காதீர்கள், கதவைத் திறந்துவைத்தாலும் சரி. வீட்டை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் ஓடட்டும்.