சிறுவனின் கண்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உளவியல் முதுகலை படிக்கிறேன். தனக்கு ஆண்குறி இல்லை என்று சிறுமி கண்டுகொள்ளும்போது எழும் பொறாமையிலிருந்தே பெண்மை உருவாகிறது என்ற ஃப்ராய்டின் கோட்பாட்டைப் படித்து எரிச்சலடைந்தேன். அதை மறுத்த பெண் உளப்பகுப்பாய்வாளர் கேரன் ஹார்னியை வாசிக்க ஆசை. ஆனால் மணமுறிவின் கசப்பில்தான் அவர் அப்படி எழுதினார் என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஃப்ராய்டைப் படிக்காமலே ஒதுக்கிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் எரிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. படிக்காமல் ஒதுக்குவது சோம்பேறித்தனம். அதற்கு என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். என் கோபம் உங்கள் வகுப்பின் மேல். அந்த வம்பை மறுத்து ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு அனுப்பிவைத்திருக்கிறீர்களே, அதனால் உங்கள் மேலும்தான்.

ஹார்னி கணவரைப் பிரிந்ததும் 'பெண்மையிலிருந்து ஓட்டம்' கட்டுரையை வெளியிட்டதும் 1926-இல்தான். இருக்கட்டும். அதனால் வாதம் பொய்யாகிவிடுமா? அக்கட்டுரையில் இரண்டு பட்டியல்களை அருகருகே வைக்கிறார். ஒன்று, சிறுமியைப் பற்றிச் சிறுவன் நினைப்பது: அவளுக்கும் குறி இருந்தது, தண்டனையாக வெட்டிவிட்டார்கள், அவள் தாழ்ந்தவள், அந்த இழப்பிலிருந்து மீளவே மாட்டாள். மற்றது, பெண்ணின் வளர்ச்சியைப் பற்றி ஃப்ராய்டு தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வு சொல்வது. இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடு இல்லை. இதை மறுக்க ஹார்னியின் குடும்பக் கதை எதற்கு?

எதிராளியின் வாதத்தை விட்டுவிட்டு எதிராளியையே நோயாளியாக்கும் இந்த வழக்கம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. ஃப்ராய்டுக்கே அதன் ஆபத்து தெரியும். 1931-இல் 'பெண் பாலுணர்வு' கட்டுரையின் அடிக்குறிப்பில், பகுப்பாய்வை விவாத ஆயுதமாக்குவது இருபுறமும் வெட்டும் கத்தி, அதனால் எதுவும் முடிவாகாது என்று எழுதினார். அவரே 1938-இல், தன்னுள் இருக்கும் குறிக்கான ஆசையின் வலிமையைப் போதிய அளவு உணராத பெண் பகுப்பாய்வாளர் நோயாளிகளிடமும் அதைக் குறைத்து மதிப்பிட்டால் வியப்பில்லை என்று எழுதினார். பெயர் சொல்லவில்லை. ஹார்னியைத்தான் சொல்கிறார் என்று பலரும் வாசித்திருக்கிறார்கள். ஒத்துக்கொண்டால் கோட்பாடு சரி, மறுத்தால் மறுப்பே அதற்குச் சான்று. இப்படிப்பட்ட வாதத்தை எந்தப் பெண் வெல்ல முடியும்?

ஹார்னியின் இன்னொரு வரி என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. பல ஆண்டுகள் பெண்களைப் பகுப்பாய்வு செய்தபின் ஆண்களிடம் வந்தபோது, கருவுறுதல், பிள்ளைப்பேறு, தாய்ப்பால் ஊட்டுதல் ஆகியவற்றின் மேல் அவர்களுக்கு இருந்த பொறாமையின் தீவிரம் தன்னை வியக்க வைத்தது என்கிறார்.

என் மகள் பிறந்த மூன்றாம் நாள் இரவு, வெந்நீர் பிளாஸ்க்கோடு அறை வாசலில் நின்றேன். மனைவி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில், கதவை ஏன் சாத்தவில்லை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, குழந்தையின் தலையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டாள். அந்தக் கோபம் என்ன என்று ஹார்னியைப் படித்த பிறகே தெரிந்தது. அதற்குள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். மனைவியிடம் அதைச் சொல்ல மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

முதலில் 1926 கட்டுரையைப் படியுங்கள். பிறகு ஃப்ராய்டின் 1925, 1931 கட்டுரைகள், அடிக்குறிப்புகளோடு. வகுப்பில் இனி யாராவது மணமுறிவை இழுத்தால், அந்த இரண்டு பட்டியல்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்து உட்காருங்கள்.