குளச்சலில் இருக்கிறேன். என் லினக்ஸ் கணினி திறக்காமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற கருப்புத் திரையில் நிற்கிறது. எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் முதலில் ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எஸ்சிகே என்ற கட்டளை சரிசெய்வது கோப்பு அமைப்பை, அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை மட்டும்தான். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால், அதன் மேல் படித்து எழுதி, மிச்சமிருக்கும் கோப்புகளையும் போக்கிவிடும்.

நாகர்கோவிலில் கணினி பழுது பார்க்கிறேன். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி இடிமழையிலும் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் இந்தத் திரையோடு நிறையப் பேர் வருவார்கள். பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது; எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பு குழம்பியிருக்கும். அந்தத் திரையில் 'எக்ஸிட்' என்று அடித்தால் டிஸ்க்கின் எந்தப் பகுதியில் (பார்ட்டிஷன்) சிக்கல் என்று பொதுவாகக் காட்டிவிடும். குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உபுண்டு பென் டிரைவில் கணினியைத் திறந்து, டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி, அதிலுள்ள ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை தரும் அறிக்கையைப் பாருங்கள். சிக்கலான அந்தப் பகுதியைக் கிளிக் செய்து திறந்துவிடாதீர்கள். சாட்டா ஹார்ட் டிஸ்க்கில் 5, 197 ஆகிய வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. 5 என்பது கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின் கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை நம்பக்கூடாது. தரவு போய்வரும்போது நேரும் பிழைகளைக் காட்டும் 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நீங்கள் குளச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் அரித்துப்போவதை அந்தப் பக்கத்துக் கணினிகளில் நிறையப் பார்க்கிறேன். கேபிளை மாற்றியதோடு சரியானவையும் உண்டு.

எண்கள் சரியாக இருந்தால், அந்தப் பகுதி மவுன்ட் ஆகாத (திறந்து இணைக்கப்படாத) நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். இடம் தெரியாத கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் பெயரில்லாமல் எண்களாகக் கிடக்கும், அதை அழித்துவிடாதீர்கள்.

எண்கள் மோசமாக இருந்தால், அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு, பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ வைத்து முழு நகல் எடுங்கள். உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலின் பெயரைக் கட்டளையில் கட்டாயம் கொடுங்கள், அதையும் வேறொரு பென் டிரைவில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கல்யாணப் படங்கள் இருந்த ஒரு ஸ்டுடியோ டிஸ்க்கை இப்படித்தான் மீட்டோம். எஃப்எஸ்சிகேயை நகலில் ஓட்டுங்கள், மூலத்தைத் தொடவேண்டாம்.

டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் இதில் எதையும் செய்யாமல் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள்.