படத்தில் இருப்பவர் ஏன் அசையவில்லை?

உருவ ஓவியம் பழகுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பந்தை விரட்டி ஓடும் என் மகனைப் புகைப்படம் எடுத்து, கட்டம் போட்டு அளவு பிசகாமல் வரைந்தேன். படத்தில் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறானே தவிர ஓடவில்லை. எங்கே தவறு?

அளவு பிசகாததுதான் தவறு. கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை நறுக்கி எடுக்கிறது. கண் அப்படிப் பார்ப்பதில்லை. சிற்பி ரோடின் இந்த விஷயத்தில் புகைப்படத்தோடு வாதாடியவர். நடக்கும் கோலத்தில் அவர் செய்த திருமுழுக்கு யோவான் சிலையில் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்திருக்கும். உண்மையில் நடக்கும்போது பின்காலின் குதி அதற்குள் எழும்பியிருக்கும். முந்தைய கணத்துப் பின்காலையும் அடுத்த கணத்து முன்காலையும் ஒரே உடம்பில் சேர்த்துவிட்டார் மனிதர். இடையில் உள்ள நடையைப் பார்ப்பவரின் கண் நடந்து முடித்துக்கொள்கிறது.

உங்கள் படத்துக்கு ஒரு சோதனை. மகனின் கழுத்துக் குழியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்து, நேராக ஒரு கோடு இழுங்கள். அது ஊன்றிய பாதத்தின் மேல் விழுந்தால் பையன் நிற்கிறான். பாதத்தைத் தாண்டி முன்னால் விழுந்தால், அடுத்த காலை எட்டி வைக்காவிட்டால் குப்புற விழுவான். அதுதான் ஓட்டம். மார்பை இரண்டு விரற்கடை முன்னுக்குத் தள்ளி வரைந்து பாருங்கள்.

வேகத்தைக் காட்ட முதுகுக்குப் பின்னால் கோடுகள் போடலாமா?

சித்திரக் கதையென்றால் தாராளமாக. உருவப்படத்தில் வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை வரைகிறேன். பாஸ்போர்ட் படம் போலவே வருகிறது. உட்கார்ந்திருப்பவரிடம் என்ன அசைவு இருக்க முடியும்?

நிறைய. முழங்கால் ஒரு திசை, தோள் ஒரு திசை, முகம் இன்னொரு திசை, பார்வை அதையும் தாண்டி என்று திருப்பி உட்கார வையுங்கள். டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த முத்துத் தோட்டுப் பெண்ணின் உடம்பு பக்கவாட்டில் இருக்கிறது. முகம் மட்டும் தோளுக்கு மேலாக நம் பக்கம் திரும்புகிறது. யாரோ கூப்பிட்ட நொடி அது. இன்னும் நெருங்கிப் பார்த்தால், மூக்குத் தண்டுக்கும் அதற்கு அப்பால் உள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை. ஒரே நிறம் வழிந்து கலந்திருக்கிறது.

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த விளிம்பில்தான். முகத்தைச் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் வரம்பு கட்டினால் ஆள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடுவார். நமக்கு அருகிலுள்ள கண்ணையும் உதட்டோரத்தையும் கூர்மையாக வையுங்கள். அப்பாலுள்ள கன்னமும் கொண்டையும் பின்னணியில் கரையட்டும். ஒருமுறை நான் ஒரு பெரியவரின் இமைமயிரை ஒவ்வொன்றாக மூன்று நாள் வரைந்து, கடைசியில் மெழுகுப் பொம்மையைத்தான் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். பாட்டியைப் பேசவிட்டு வரையுங்கள். வாயை மூடச் சொன்னால் படமும் மூடிக்கொள்ளும்.

பறக்கும் முந்தானை தகரம் போல் விறைத்து நிற்கிறது.

துணி எங்கே பிடிபட்டிருக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும். முதலில் தோளைக் கண்டுபிடியுங்கள். உடம்பு திரும்பி முடித்த பிறகும் துணி பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். அந்தத் தாமதத்தை வரையுங்கள்.

தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

டீக்கடைக்குப் போங்கள். டீ ஆற்றுபவரை முப்பது நொடிக்கு ஒரு படமாக வரையுங்கள். முகமும் விரலும் வேண்டாம். குதிகாலில் தொடங்கி உயர்த்திய கை வரை முதலில் ஒரே வளைகோடு. கை ஏறும்போது அந்தத் தோள் காதருகே வரும், இடுப்பு எதிர்ப்பக்கம் நழுவும், தலை கீழேயுள்ள குவளையை நோக்கிச் சாயும். இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் டம்ளரை வரையாமலேயே டீ ஆறும். கரித்துண்டும் மலிவான தாளும் போதும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.