முதலில் போனை எடு, டெல்லியைப் பற்றி அப்புறம் பேசலாம்

கேள்வி: "முதுகலை இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். ஒரு நாளிதழின் டெல்லி அலுவலகத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்தேன். என் உலகமே மாறிவிட்டது. விஜய் சௌக்கில் எம்.பி.க்களுக்கு மைக் நீட்டியிருக்கிறேன். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி அரசு வக்கீலை வறுத்தெடுத்ததை நேரில் கேட்டு, வெளியே வந்ததும் எக்ஸ் தளத்தில் போட்டேன், ஏகப்பட்ட பேர் பகிர்ந்தார்கள். ஜந்தர் மந்தரில் அங்கன்வாடி ஊழியர்கள் நடத்திய போராட்டம் பற்றி எழுதியது என் பெயரோடு வந்தது. நம் மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்காவை வைத்து, அவர் பெயர், ஊர், படம் எல்லாம் போட்டு எழுதியிருந்தேன். உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு ரயிலேறி வந்தவர், பாவம். அந்த வரியைத்தான் ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வாரமாக அவர் போன் செய்துகொண்டே இருக்கிறார், எடுத்துப் பேச நேரமில்லை. பயிற்சி முடியப்போகிறது. 'இன்னும் ஆறு மாதம் இரு, பார்க்கலாம்' என்கிறார் தலைமை நிருபர். சம்பளம் கிடையாது, இதுவரை போல அப்பா அனுப்புவார். தங்கை இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அம்மா தினமும் 'எப்ப வர்றே' என்று அழுகிறார். படிப்பை நிறுத்திவிட்டு டெல்லியிலேயே இருந்துவிடலாமா? என் பெயர், ஊர் எதையும் வெளியிட வேண்டாம். ஆபீஸில் தெரிந்தால் சங்கடம்."

பதில்:

இப்படிப்பட்ட கடிதம் புதிதல்ல, மகளே. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒவ்வொன்றும் முடியும்போது இரண்டு மூன்றாவது வந்துவிடும். விஜய் சௌக், கறுப்புக் கோட்டு, பெயர் போட்ட முதல் செய்தி என்று வரிசைகூட மாறாது. படிப்பை நிறுத்தலாமா என்பதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. அதைவிட அவசரமான ஒன்றை நீ போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்.

அந்த அக்கா ஏன் ஒரு வாரமாகக் கூப்பிடுகிறார் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா?

உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு எடுத்த ஒருவரை, அவர் பெயர், ஊர், முகம் எல்லாவற்றோடும் சேர்த்து, டெல்லியில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார் என்று அச்சிட்டிருக்கிறாய். அடுத்து நடப்பதை யூகிப்பது கடினமல்ல. செய்தியின் படம் காலை எட்டு மணிக்குள் அவர் ஒன்றியத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருக்கும். மேற்பார்வையாளர் அதை குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு அனுப்பியிருப்பார். பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்தது, அனுமதியில்லாமல் ஊரை விட்டு வெளியே போனது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தது என்று மூன்றையும் கோத்து ஒரு மெமோ எழுத அரை மணி நேரம் போதும். சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை, உன் செய்தியே சாட்சி.

அங்கன்வாடி ஊழியர் யார் என்று தெரிந்துகொண்டுதான் எழுதினாயா? 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அவர்களை ஊழியராகவே எண்ணவில்லை, மதிப்பூதியம் பெறும் சேவகராகத்தான் வைத்திருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசின் கணக்கில் அந்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாயானது. மாநிலங்கள் அதன்மேல் தங்கள் பணத்தைச் சேர்த்துத் தருகின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நிரந்தர அரசு ஊழியருக்கு இருக்கிற பாதுகாப்பு இல்லாத ஒருவரின் வேலையோடு விளையாடியிருக்கிறாய்.

2017-இல் தமிழக விவசாயிகள் மண்டையோடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் இதே ஜந்தர் மந்தரில்தான். நாடு முழுக்கத் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். இந்த அக்கா ஒளிந்து வந்தவர். இரண்டு பேரையும் ஒரே மாதிரி படம் பிடித்து, ஒரே மாதிரி பெயர் போட்டுவிட முடியாது.

உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் படித்துப் பார். "என் பெயர், ஊர் எதையும் வெளியிட வேண்டாம். ஆபீஸில் தெரிந்தால் சங்கடம்." சம்பளமே இல்லாத ஒரு பயிற்சியில் உனக்கு வரக்கூடிய ஒரு சின்னச் சங்கடத்துக்காக இதைக் கேட்கத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு அடுப்பெரிய வைக்கும் வேலையில் இருக்கிற அந்த அம்மாளிடம் "பெயர் போடலாமா அக்கா?" என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. அந்த வரியை அப்படியே விட்ட ஆசிரியர் குழுவுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கண்ணால் பார்த்துப் பேசியது நீ மட்டும்தான்.

இன்று மாலை, ஆபீஸ் சத்தத்துக்கு வெளியே வந்து, நீயாகக் கூப்பிடு. முதலில் மன்னிப்புக் கேள், விளக்கம் சொல்லாதே. பிறகு என்ன நடந்தது என்று கேட்டுத் தேதியோடு குறித்துக்கொள். மெமோ வந்ததா, யார் கையெழுத்து, எத்தனை நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள், சங்கத்துக்குத் தெரியுமா, எல்லாவற்றையும் கேள். மெமோவைப் படம் எடுத்து அனுப்ப விருப்பமிருந்தால் அனுப்பட்டும், வற்புறுத்தாதே. பதிலை அவர் சங்கத்து ஆட்கள்தான் எழுத வேண்டும், நீ எழுதிக் கொடுக்கக் கூடாது. உன் பத்திரிகை சார்பில் எந்த வாக்குறுதியும் கொடுக்காதே, அந்த அதிகாரம் உனக்கு இல்லை. பணம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடாதே. "நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதித் தருகிறேன்" என்று மட்டும் கனவிலும் சொல்லாதே. அவர் சொன்னது உண்மை. அதை மறுத்து நீ ஒரு பொய்யை எழுதினால் நாளைக்கு இரண்டு பேருமே மாட்டுவீர்கள்.

போனை வைத்ததும் தலைமை நிருபரிடம் போ. வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடுவார், மின்னஞ்சலில் எழுது. செய்தி வந்த தேதி, பக்கம், இணைய முகவரி, சிக்கலான வரி, நடந்தது என்ன, அவர் என்ன கேட்கிறார், இவ்வளவு போதும், பத்து வரிக்கு மேல் வேண்டாம். அச்சில் வந்ததைத் திரும்ப வாங்க முடியாது. இணையப் பதிப்பில் பெயரையும் படத்தையும் எடுக்க ஆசிரியரால் முடியும், எடுத்தால் திருத்தம் செய்த தேதியைக் கீழே குறிப்பிட வேண்டும். இதில் பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. இணையதளத்தில் திருத்துவார்கள், பத்திரிகையின் முகநூல், எக்ஸ் கணக்குகளில் அதே படம் அப்படியே கிடக்கும். இ-பேப்பர் தனி. செய்தியை எடுத்துப் போட்ட பிற தளங்கள் தனி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டால்தான் நடக்கும். பெருமைக்காக நீ உன் கணக்கில் போட்ட பதிவை யாரும் சொல்லாமலே அழித்துவிடு.

அடுத்த பேட்டிக்காவது இதை மனதில் வைத்துக்கொள். நோட்டைத் திறப்பதற்கு முன்பே நான்கு விஷயம் சொல்லியாக வேண்டும். உன் பெயர், எந்தப் பத்திரிகை, இது இணையத்திலும் வரும், உங்கள் ஊரில் உங்கள் மேலதிகாரியும் படிப்பார். நான்காவதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பின்வாங்கிவிடுவாரோ என்று பயந்துதான் நிருபர்கள் அதை விழுங்குகிறார்கள். பின்வாங்கினால் பின்வாங்கட்டும், அது அவர் உரிமை. பேட்டி முடிந்ததும் அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டு. இனிஷியல், ஊர், வயது எல்லாம் அங்கேயே சரியாகும். "இதை எழுதாதே பாப்பா" என்று அவர் சொல்ல நினைப்பதும் அப்போதுதான் வெளியே வரும். சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயத்தை அவர் பேட்டி என்று நினைத்திருக்கவே மாட்டார். லீவு விஷயம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

பெயரை மறைப்பதும் நீ நினைக்கிற மாதிரி சுலபமில்லை. மறைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிற அதிகாரம் பயிற்சி மாணவிக்குக் கிடையாது, ஆசிரியரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். உண்மைப் பெயர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போட்டுவிட்டு ஒன்றியத்தின் பெயர், வயது, எத்தனை வருட சர்வீஸ், கணவர் என்ன வேலை என்று எழுதினால் அந்த ஒன்றியத்தில் யாருக்கும் பெயரே தேவைப்படாது. படத்தில் முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னால் மாவட்டத்தின் பெயரோடு இருக்கும் சங்கப் பேனரை அப்படியே விட்டுவிடுவார்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு பாயும். குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. லீவு போட்டுவிட்டுப் போராட வந்த அங்கன்வாடி அக்காவுக்கு அப்படி எந்தப் பிரிவும் இல்லை. உன் மனசாட்சி ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

அந்த வரி இல்லாவிட்டால் செய்தி சப்பென்று போயிருக்கும் என்பாய். டெல்லியில் இரண்டு மாதம் இருந்த பெண் அப்படிச் சொல்லலாமா? கூட்டத்தொடர் நடக்கும்போது மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் தரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்துப்பூர்வமாகப் பதில் தரும் நட்சத்திரக் குறியில்லாத கேள்விகள் 230 வரை பட்டியலில் இருக்கும். நிருபர் கூட்டம் மைக்கோடு வெளியே நிற்கும், 230 பதில்களைத் திறந்து பார்ப்பவர் அபூர்வம். மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் பெயரைப் போட்டு நாடாளுமன்றத்தின் 'சன்சாத்' இணையதளத்தில் தேடு. காலியிடம், மதிப்பூதியம், மாநிலவாரி அட்டவணை எல்லாம் பதிலோடு இணைப்பாக வருகிறது. அவையில் வைத்த பதில் என்பதால் அமைச்சகம் மறுக்கவும் முடியாது. மாநிலத்தின் எண்ணையும், மேடையில் பேசிய சங்கத் தலைவரின் கோரிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் உன் செய்தி தன் காலில் நின்றிருக்கும். சங்கத் தலைவர் பேசத் துணிந்து, பெயர் போட ஒப்புக்கொண்டே மேடை ஏறியவர். மூலையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த அக்காவின் ரகசியம் அதற்குத் தேவையே இல்லை.

உச்ச நீதிமன்றப் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொல்வது உத்தரவு ஆகாது. அன்றைய உத்தரவு நீதிமன்ற இணையதளத்தில் ஏறிய பிறகு படித்துப் பார், நீ கேட்ட கோபத்தில் ஒரு சொல்கூட அதில் இல்லாமல் போகலாம். "நீதிபதி கூறினார்" என்றும் "நீதிமன்றம் உத்தரவிட்டது" என்றும் பிரித்து எழுதப் பழகு. நாடாளுமன்றத்திலும் ஒரு கவனம் வேண்டும்: அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சை வெளியிட்டால் உரிமை மீறல் பிரச்சினை வரும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்.

இப்போது உன் கேள்வி. ஊருக்குப் போய்ப் படிப்பை முடி.

மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் நிருபர்களுக்குத் தரும் அங்கீகார அட்டை இல்லாமல் டெல்லியில் அமைச்சக வாசல்கள் திறப்பது கஷ்டம். 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி அதற்கு முழுநேரச் செய்தியாளராக ஐந்து வருட அனுபவம் வேண்டும். பயிற்சியாளராக நீ ஓட்டும் ஆறு மாதத்தை அதில் யாரும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். கல்லூரியிலோ 75 சதவீத வருகைப் பதிவு இல்லாவிட்டால் தேர்வெழுத விடமாட்டார்கள். ஆக, இரண்டு பக்கமும் கழியும், ஒரு பக்கமும் கூடாது.

வீட்டு விஷயத்தில் என் கருத்தை மறைக்கப் போவதில்லை. ஒரு நிறுவனத்துக்கு நீ வேலை செய்கிறாய், அதற்குச் சம்பளம் உன் அப்பா கொடுக்கிறார். தங்கை கல்லூரியில் காலெடுத்து வைத்திருக்கும் வருடத்தில். பெற்றவர்கள் கடைசிவரை சுமப்பார்கள் என்பது உண்மைதான், அதற்காகச் சுமையை ஏற்றிக்கொண்டே போவது பிள்ளைக்கு அழகில்லை. அம்மா அழுகிறார் என்பதையும் "அக்கா போன் செய்கிறார்" என்பதைப் போலவே ஒரு தொந்தரவாக எழுதியிருக்கிறாய். கூப்பிடுகிற ஆட்களை ஒதுக்குகிற பழக்கம் வீட்டில் தொடங்கி வேலைக்கும் வந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. வீட்டுக்குப் பதில் சொல்லாத பெண் ஊருக்குப் பதில் சொல்வாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய காலத்து ஆள் என்று திட்டினாலும் பரவாயில்லை.

கிளம்புவதற்கு முன் அலுவலகக் கடிதத்தாளில் பயிற்சிச் சான்றிதழ் வாங்கு, தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் அதில் இருக்க வேண்டும். உன் பெயரில் வந்த செய்திகளின் பக்கங்களை வெட்டி, தேதி குறித்து வைத்துக்கொள். தலைமை நிருபருக்கு உண்மையிலேயே நீ வேண்டுமென்றால் தேர்வு முடியும்வரை காத்திருப்பார். அப்போது பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றையும் எழுத்தில் கேள். அது வரும்வரை "பார்க்கலாம்" என்பதை நம்பி அப்பாவிடம் இன்னொரு மாத வாடகை கேட்காதே.