எரிமலை மண்ணில் நிழல் மரங்களை எடுத்துவிட்டுக் காய்கறி போடலாமா?

கேள்வி: எங்கள் நிலம் எரிமலைச் சரிவில் இருக்கிறது. மேலே காடு, நடுவில் நிழல் மரங்களோடு காபி, கீழே பல வருடமாக உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும். மூன்றும் ஒரே கருப்பு மண். கீழ் வயலில் டிஏபி எவ்வளவு தூவினாலும் இலை ஊதா நிறமாகி, செடி வளராமல் நிற்கிறது. ஆனால் மண் பரிசோதனையில் கரிமச்சத்து நன்றாகவே இருக்கிறதாம். காபியில் வருமானம் குறைவு, அங்கேயும் காய்கறி போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். கீழ் வயலில் இப்போது படும் பாட்டை நடு வயலுக்கும் கொண்டுபோவதாகத்தான் முடியும்.

முதலில் அந்த ஊதா நிறம். அது பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாக்குறை, டிஏபி உரம் முக்கியமாகத் தருவதும் அதைத்தான். நீங்கள் உரம் குறைவாகப் போட்டதால் வந்ததல்ல, மண் பிடித்து வைத்துக்கொள்வதால் வருவது. எரிமலைச் சாம்பல் சிதைந்து உருவாகும் மண்ணில் அல்லோபேன் என்ற மிக நுண்ணிய கனிமப் பொருள் இருக்கும், அதிலுள்ள அலுமினியமும் கூடவே இருக்கும் இரும்பும் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், போட்டதில் 85 சதவீதத்துக்கு மேல் பிடித்துவைக்கும் மண்ணெல்லாம் உண்டு. உங்கள் மண் அந்த ரகமா என்று கையிலேயே ஓரளவு பார்க்கலாம்: ஈரமான கட்டி ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் அழுத்தித் தேய்த்தால், அதுவரை கெட்டியாக இருந்தது சட்டென்று நீர் விட்டு வழுவழுப்பாகும்.

அதனால் டிஏபியைப் பரவலாகத் தூவாதீர்கள். நடும்போது வேருக்குப் பக்கத்தில் ஒரே கோடாக, நன்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து வையுங்கள். மண்ணோடு படும் பரப்பு குறையும், மக்கிலிருந்து வரும் அமிலங்களும் மணிச்சத்து ஒட்டும் இடங்களில் கொஞ்சத்தை அடைத்துக்கொள்ளும்.

இனி கரிமச்சத்து. அறிக்கை பொய்யில்லை, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. இந்த மண்ணில் பழைய கரிமம் அலுமினியத்தோடு பிணைந்து கிடப்பதால், காட்டை அழித்து வருடக்கணக்கில் உழுதாலும் மொத்த எண்ணிக்கை மெதுவாகத்தான் இறங்கும். சீக்கிரம் போவது சருகிலிருந்து புதிதாகச் சேரும் கரிமம், மண்புழுக்கள், மழைநீரை உள்ளே இறக்கும் பெரிய துளைகள். இன்னொன்று, வெறுமையாக வெயிலில் காய்ந்துபோனால் இந்த மண் மணல் மணியாக இறுகி, பிறகு எவ்வளவு நனைத்தாலும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. அப்புறம் சரிவில் ஓடும் மழைநீர் அந்த மணிகளை எளிதாக வாரிக்கொண்டு போகும். காய்கறி வயலில் எனக்குப் பெரிய கவலையே இதுதான்.

மூன்று நிலங்களையும் ஒப்பிடும்போது எத்தனை வகைச் செடி என்று மட்டும் எண்ணாதீர்கள். காய்கறி வயலில் களை வகைகள் நிறையவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் வெயில் விரும்பும், மேலாக வேர் ஓடும் ஓராண்டுச் செடிகள். காபித் தோட்டத்தில் ஆழ வேர், மேல் வேர், சீக்கிரம் மக்கும் இலை, நாள்பட மக்கும் இலை என்று வேலை பிரிந்து நடக்கிறது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ எரிமலைச் சரிவில் அங்கு வாழும் சக்கா மக்கள் பெரிய மரத்தின் கீழ் வாழை, அதன் கீழ் காபி என்று அடுக்கடுக்காக வைத்திருக்கும் தோட்டங்களில் 500க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன, அதில் பெரும்பங்கு யாரும் நடாமல் தானாக வந்தவை.

வருமானம் குறைவு என்பது உண்மையான பிரச்சினை, சரி. மரங்களை எடுக்காமல் கவாத்து செய்து வெளிச்சம் விடுங்கள், இடைவெளியில் வாழையும் நிழல் தாங்கும் கிழங்கும் வையுங்கள். கவாத்தில் வரும் தழை கீழ் வயலுக்கு மூடாக்காகட்டும், கல்யாண முருங்கை, கிளைரிசிடியா போன்ற தழை உரம் தரும் மரங்கள் இருந்தால் இன்னும் நல்லது. கீழே சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடித்து, அறுவடை முடிந்ததும் பயறுவகைச் செடி ஒன்றை விதைத்து மண்ணை மூடிவையுங்கள்.

அடுத்த முறை மண் எடுக்கும்போது மூன்று நிலத்திலும் ஒரே ஆழத்தில், முடிந்தவரை ஒரே அளவு சரிவுள்ள இடங்களில் எடுங்கள். சாம்பல் படிவு இடத்துக்கு இடம் கனம் மாறும், செங்குத்தான பகுதியைத்தான் பெரும்பாலும் காடாகவே விட்டிருப்பார்கள், அதைக் கவனிக்காவிட்டால் நிலத்தின் வேறுபாட்டைப் பயிரின் குற்றமாக எடுத்துக்கொள்வோம். கூடவே ஆய்வகத்தில் மணிச்சத்தை மண் எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பதையும் தனியாகக் கேளுங்கள், வழக்கமான அறிக்கையில் அது வராது.